நெடி அடித்த சத்துமாவு

மந்தைவெளியில் தங்கத்தின் மாவு மில்லுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவையும் இல்லை. மோட்டார் ஓடினால் தெரு முழுக்கக் கேட்கும். மோட்டார் நின்றால் தங்கத்தின் குரல் கேட்கும். கணவர் கனகராஜ் போய்ச் சேர்ந்த புதிதில், பொம்பளை ஒருத்தி எப்படி மில் நடத்துவாள் என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் எல்லாரும் இப்போது அவள் எதிரில் டின்னை வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த மில்லில் ஒரே ஒரு சட்டம்தான். யாருக்குப் பின்னால் யார் என்பதைத் தங்கம்தான் முடிவு செய்வாள். எந்த மெஷினாக இருந்தாலும் முன்னால் அரைத்தவரின் மாவு கொஞ்சம் கல்லிடுக்கில் தங்கி அடுத்தவர் மாவோடு போய்ச் சேரும். அதனால் அரிசி முதலில், கோதுமை பிறகு, மிளகாய் எல்லாவற்றுக்கும் கடைசி. கைக்குழந்தைக்குச் சத்துமாவு அரைக்க வந்தவர்கள் எந்த நேரம் வந்தாலும் முன்னால் போகலாம். அதற்கும் முன்பு மெஷினைத் துடைத்து, ஒரு பிடி அரிசியை ஓட்டி, அந்த மாவைக் குப்பையில் கொட்டிவிடுவாள். எவ்வளவு பெரிய ஆள் வந்து அவசரப்படுத்தினாலும் இந்த வரிசை மாறாது. பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்யும் ராயப்பேட்டை குல்ஷன், மிளகாய் மூட்டையோடு காலையிலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். கடைசி ஆள் என்று தெரிந்தும் ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறாள் என்றால், ஊர்க்கதை பேச வேண்டாமா?

அன்று மத்தியானம் ஆனந்தகுமாரின் வேன் வந்து நின்றது. ஆனந்தகுமார், கனகராஜுக்குச் சித்தப்பா மகன். தி. நகரில் துணிக்கடை, ஊருக்கு வெளியே கோழித் தீவனக் குடோன், சங்கத்தில் பதவி. எந்த விசேஷப் பத்திரிகையை எடுத்தாலும் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அன்றைக்கு அவருடைய பேத்திக்கு முதல் பிறந்தநாள். அதை முன்னிட்டு அடையாற்றில் உள்ள ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குச் சாயங்காலம் பேனர், போட்டோகிராபர் சகிதம் சத்துமாவு வழங்கப் போகிறார். அரைத்துத் தரும் புண்ணியம் உங்களுக்கும் சேரட்டும் மதினி என்று முதல் நாளே போன் செய்திருந்தார். தங்கத்துக்கும் மனசு குளிர்ந்துதான் போயிருந்தது.

டிரைவர் துரைராஜ் முதலில் ஒரு எவர்சில்வர் டின்னை இறக்கினான். பிறகு மூட்டைகளை இறக்கி ஓரமாக அடுக்கினான்.

“அக்கா, டின்னு பாப்பாவுக்கு. அதத்தான் மொதல்ல அரைக்கணுமாம். அரைச்சு, மூடி, வண்டில வெச்சிட்டு அப்பறம்தான் மூட்டையத் தொடணும்னாரு முதலாளி. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துறவே கூடாதாம்.”

“பேத்தி மேல அம்புட்டு உசிரு” என்று தங்கம் சிரித்தாள். மில் நாகரிகம் தெரிந்த மனுஷன் என்று உள்ளுக்குள் ஒரு பாராட்டு வேறு. மெஷினைத் துடைத்தாள், அரிசி ஓட்டினாள், டின்னைத் திறந்தாள். வறுத்த கேழ்வரகு, பாதாம், பொட்டுக்கடலை, ஏலக்காய். மாவு விழுந்தபோது வாசனை தெருமுனை வரை போனது.

அடுத்து மூட்டை. முக்கால்வாசி மக்காச்சோளம், மிச்சம் கேழ்வரகும் கடலையும். முதல் மரக்கால் உள்ளே போய்க் கல் சூடேறியதும் வந்தது பாருங்கள் ஒரு நெடி! தலைச்சாயம் கலக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த நெடி. கண்ணில் தண்ணீர் கொட்டியது. வரிசையில் நின்றவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

“அரே, இன்னாக்கா இது? கக்கூஸ் கழுவுற மருந்தையா அரைக்கிறே?” என்று குல்ஷன் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தாள். வாழ்நாள் முழுக்க மிளகாய் நெடியிலேயே கிடந்த அவளுக்கே தாங்கவில்லை.

தங்கம் மோட்டாரை நிறுத்தினாள். மூட்டையில் கையைவிட்டு ஒரு பிடி சோளத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். சோளம் என்றால் மஞ்சளாக இருக்க வேண்டும். இது பழுப்பேறி, செத்துப்போய், டீத்தூளில் ஊறவைத்த நிறத்தில் இருந்தது. முகர்ந்தால் அதே நெடி. அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சாக்குகள் எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்திருந்தார்கள். ஒன்றை உதறிப் புரட்டினாள். கொண்டை வைத்த கோழிப் படம், அதன் கீழே ‘தீவனத்துக்கு மட்டும்.’

“துரைராஜு, இங்கன வா.”

அவன் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

“வாறியா, இல்ல நான் வரவா?”

வந்தான். தலையைச் சொறிந்தான். நான் வெறும் டிரைவரு என்றான். பிள்ளை குட்டிக்காரன் என்றான். தங்கம் இடுப்பில் கைவைத்து நிற்பதைப் பார்த்ததும் ஒவ்வொன்றாகக் கொட்டினான். புயல் மழையில் குடோனுக்குள் தண்ணீர் வந்து சோளம் நனைந்து, பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்துவிட்டது. சோதனைக்கு அனுப்பினால், பூசணத்தின் விஷம் ஏறியிருக்கிறது, ஈரலைத் தின்றுவிடும் என்று பதில் வந்தது. யாரோ ஒரு கெமிஸ்டைக் கூட்டிவந்தார்கள். சோளத்தைப் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே கேஸ் விட்டு, நாள் கணக்கில் அப்படியே வைத்தார்கள்.

“என்ன கேஸு?” என்றாள் தங்கம்.

“ஐஸ் கம்பெனில வெச்சிருப்பாங்களேக்கா, லீக்கானா ஏரியாவே காலி பண்ணுமே, அந்த அமோனியா. அத விட்டா விஷம் முறிஞ்சிருமாம். அப்பறமா தாளைப் பிரிச்சிக் காத்தாட வெச்சோம். கோழிக்குப் போடலாம்னாரு அந்தாளு.”

“அப்ப கோழிக்குப் போட வேண்டியதுதான?”

துரைராஜ் தரையைப் பார்த்தான். “கலரு கறுத்துப்போச்சு, நாத்தம் போவலன்னு கோழிப்பண்ணைக்காரங்களே வாங்கலக்கா.”

தங்கத்துக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. கோழிக்காரன் வேண்டாம் என்று தள்ளியதை, தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளுக்குக் கொண்டுபோகிறார்களா? அதற்குப் பேனர், அதற்குப் போட்டோகிராபர், அதில் இவளுக்கும் புண்ணியத்தில் பங்கு! அந்த நேரத்தில்தான் வண்டிக்குள் மூடிவைத்திருந்த டின் அவள் கண்ணில் பட்டது. ரெண்டும் கலந்துறவே கூடாதாம். பேத்தி மேல் உசிரு என்று சிரித்தாளே, அந்தச் சிரிப்பை நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. தெரியாமல் செய்தவனாக இருந்தால் எதை முன்னால் அரைத்தால் என்ன, பின்னால் அரைத்தால் என்ன? எல்லாம் தெரிந்துதான் வரிசை சொல்லி அனுப்பியிருக்கிறான். அவள் மில் சட்டத்தை அவளிடமே காட்டி ஏமாற்றியிருக்கிறான்.

போனை எடுத்தாள். “தம்பி, மெஷின் நின்னு போச்சு. நீங்க வந்தாத்தான் ஓடும்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆனந்தகுமார் பட்டு வேட்டி, சந்தனப் பொட்டோடு காரிலிருந்து இறங்கினார். திருப்பிப் போட்டிருந்த கோழிச் சாக்கைப் பார்த்தார். துரைராஜை ஒரு முறை முறைத்தார். பிறகு முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“என்ன மதினி, எதுக்கு இம்புட்டுக் கூட்டம்? உள்ள போய்ப் பேசுவோம்.”

“இங்கனயே பேசுவோம். இது என்ன சோளம்?”

“நல்ல சோளம்தான். கொஞ்சம் நனைஞ்சு போச்சு. சும்மாவா விட்டேன்? முறையா மருந்து வச்சு விஷத்த எடுத்தாச்சு. வெளிநாட்டுல எல்லாம் இப்பிடித்தான் பண்ணுதான். படிச்ச கெமிஸ்டு பாத்துச் சொன்னது. உங்களுக்கு இதெல்லாம் வெளங்காது மதினி.”

“எனக்கு வெளங்காதுதான். வெளிநாட்டுல அத யாருக்குப் போடுதான்?”

அவர் செருமினார். “மாட்டுக்கு, கோழிக்கு.”

“பிள்ளைக்கு?”

“அப்பிடி இல்ல. விஷம் போயிட்டுன்னா யாருக்குப் போட்டா என்ன?”

“பூரா போயிட்டா?”

“முக்காலே மூணு வீசம் போயிட்டு.”

“மிச்ச வீசம் யாருக்கு தம்பி?”

வரிசையில் நின்ற பெண்களிடமிருந்து ஒரு சத்தம் எழும்பியது. குல்ஷன் “அப்படிக் கேளுக்கா” என்று தொடையில் தட்டினாள். ஆனந்தகுமாரின் சிரிப்பு கழன்று விழுந்தது.

“மதினி, நான் தானம் பண்ணுதேன். விக்கல. எவன் இந்தக் காலத்துல மூட்டை மூட்டையாக் குடுக்கான்?”

“தானம்! வாய் கூசல உமக்கு? குப்பையில கொட்ட மனசு வராம, அந்தப் பிள்ளையள் வயித்துல கொட்டுதீரு. அதுக்குப் பேரு தானமா? அம்புட்டு நல்ல சோளம்னா உம்ம பேத்தி டின்னுல ஒரு கை அள்ளிப் போட்டிருக்கலாம்லா? எதுக்கு டின்ன மொதல்ல அரைக்கச் சொன்னீரு? எதுக்குக் கலக்கக் கூடாதுன்னீரு?”

“அது வாசனைக்காக…”

“உம்ம பேத்திக்கு மட்டும்தான் மூக்கு இருக்கா? அந்தப் பிள்ளையளுக்கு ஆண்டவன் மூக்கு வைக்கலியா?”

சங்கக் கூட்டத்தில் யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. முகம் கறுத்தது. “பாவம்னு பாத்தா, குடும்பத்து மானத்தைத் தெருவுல வாங்குதீய. பெத்தவ யாருன்னு தெரியாத பிள்ளையளுக்கு இது கிடைக்கதே பெருசு. போன மாசமும் ராயப்பேட்டையில அரைச்சு இந்தக் காப்பகத்துக்குத்தான் குடுத்தோம். அங்க எவளாவது ஒருத்தி வாயைத் தொறந்தாளா? கமுக்கமா வாங்கித் தின்னுட்டு…”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

“போன மாசமுமா?” என்றாள் தங்கம்.

“துரைராஜு, மூட்டையெல்லாம் ஏத்துலே. போன மாசத்து மாவு கடையில கிடக்கு. இன்னைக்கு அது போதும். ஊர்ல இவ மில் ஒண்ணுதான் இருக்காக்கும்” என்று கத்திவிட்டு ஆனந்தகுமார் காரில் ஏறினார். அவசரத்திலும் பேத்தியின் டின்னை மறக்கவில்லை. வேனிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போனார்.

தங்கம் மெஷினைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். “யாரும் தப்பா நெனைக்காதீய. இன்னைக்கு மில் கிடையாது” என்று ஷட்டரை இழுத்தாள். கனகராஜ் காலத்திலிருந்து ஆள் வரிசையில் நிற்கும்போது ஷட்டர் இறங்கியதே இல்லை. ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. குல்ஷன் அதற்குள் தெருமுனைக்குப் போய் ஆட்டோவை மடக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அடையாறு பாலம் தாண்டியும் தங்கத்தின் மூக்கில் அந்த நெடி ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. குல்ஷன்தான் வழிநெடுகத் திட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தெரிந்த இரண்டு பாஷையிலும் வசவு தீர்ந்துபோகிற அளவுக்குத் திட்டினாள்.

காப்பகத்து வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது. கிரீடம் வைத்த பேத்தி, பக்கத்தில் கைகூப்பிய தாத்தா. உள்ளே சமையலறையில் ஏஞ்சல் இருந்தாள். பட்டினப்பாக்கத்துக்காரி, மீன் விற்கும் குடும்பத்திலிருந்து வந்து இங்கே ஆயா வேலை பார்க்கிறாள். சமைப்பதும் ஊட்டுவதும் கழுவிவிடுவதும் அவள்தான். தங்கம் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும் வரை கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பிறகு போய் மூலையிலிருந்த டிரம்மின் மூடியைத் திறந்தாள். பாதிக்குக் கீழே மாவு. குனிந்து முகரத் தேவையே இல்லை. நின்ற இடத்துக்கே வந்தது நெடி.

“இதானாக்கா?”

“இதேதான். எவ்வளவு நாளா குடுக்கே?”

ஏஞ்சல் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒண்ணு கூட வாய்ல வெக்கலக்கா. வெச்சவொடனே துப்பும். மூஞ்ச திருப்பிக்கினு அழும். வெல்லத்தப் போட்டேன், ஏலக்காயப் போட்டேன், அப்பவும் துப்பும். கொழுப்பு ஏறிப்போச்சுன்னு மேடம் திட்டுனாங்க. எவ்ளோ பெரிய மனுசன் குடுத்தது, கீழ கொட்டுனா அசிங்கம்னாங்க. நானும் மூக்கப் புட்ச்சிக்கினு ஊத்துனேன். தோ, இந்தக் கையாலதான். சின்னது ஒண்ணு பல்லக் கடிச்சிக்கினு வாயத் தொறக்கவே மாட்டேன்னுச்சு. தொடையில கிள்ளி, அது ஐயோன்னு வாயத் தொறக்கசொல்ல ஊத்துனேன்கா.”

சுவரோரம் தடுக்கில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தன. விழாவுக்காக எல்லாவற்றுக்கும் தலைவாரிப் பவுடர் போட்டிருந்தார்கள். ஏஞ்சல் டிரம்மைத் திறந்ததுமே ஒரு பொடிசு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. அதைத் தங்கம் பார்த்தாள். கோழிப்பண்ணைக்காரனுக்குத் தெரிந்தது, பேச்சு வராத இந்தப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள், பெரிய மனுஷர்கள், பேனரில் கைகூப்புகிறவர்கள். வேண்டாம் என்று சொன்னதற்கு இந்தப் பிஞ்சுகளுக்குக் கிடைத்தது கிள்ளு. ஆனந்தகுமார் அந்த நேரம் எதிரில் இருந்திருந்தால் அவர் கழுத்தைப் பிடித்து டிரம்முக்குள் அமுக்கியிருப்பாள்.

“இதுங்களுக்கு ஏதாவது ஆயிருமாக்கா?”

“தெரியல தாயி. நாளைக்கே எல்லாத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். நானும் வாரேன். போய்க் கேப்போம்.” பொய்யாகத் தைரியம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஏஞ்சல், காப்பகத்தை நடத்தும் மேடத்துக்குப் போன் போட்டாள். மேடம், ஆனந்தகுமார் வீட்டுக் காரில்தான் வந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையில் குரல் உயர்ந்தது. அறை முழுக்கக் கேட்டது. எவளோ மில்காரி குடும்பச் சண்டையில் உளறுகிறாள், டோனரை முறைத்துக்கொண்டால் நாளைக்கு யார் சோறு போடுவார்கள், வாயை மூடிக்கொண்டு ஆரத்தித் தட்டை ரெடி பண்ணு. ஏஞ்சல் “சரிங்க மேடம், சரிங்க மேடம்” என்றாள். போனை வைத்தாள்.

“வேலை போயிருமே உனக்கு” என்றாள் குல்ஷன் மெதுவாக.

“போவும்” என்றாள் ஏஞ்சல்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் யோசனை கேட்கவில்லை. டிரம்மை ஒரு பக்கம் தங்கமும் ஒரு பக்கம் குல்ஷனும் பிடிக்க, மூன்று பேரும் பின்கட்டுக்கு உருட்டிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். திரும்பி வந்து ஏஞ்சல் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். அந்த நேரத்தில்தான் வாசலில் ஹாரன் கேட்டது.

முன்னால் கார், பின்னால் வேன். கேமராவோடு ஒருத்தன் முன்கூட்டியே இறங்கி இடம் பார்த்தான். ஆனந்தகுமார் பட்டுப்பாவாடை கட்டிய பேத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பக்கத்தில் மேடம். உள்ளே நிற்கும் தங்கத்தைப் பார்த்ததும் ஆனந்தகுமாரின் கால் ஒரு கணம் தயங்கியது. தங்கம் வாயைத் திறக்கப் போனாள். ஏஞ்சல் அவள் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, ஈரக் கையை நைட்டியில் துடைத்தபடி தானே போய் கேட் இரண்டையும் இழுத்துச் சாத்தினாள்.

“ஏய், என்ன பண்றே? கேட்டைத் தெற” என்றார் மேடம்.

“மாவ எறக்காதீங்க சார். அது வேணாம்.”

“நான் மேடத்துகிட்ட பேசியாச்சும்மா. மேடம் சரின்னுட்டாங்க” என்றார் ஆனந்தகுமார், போட்டோகிராபர் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு.

“மேடம் சரின்னாங்க சார். சாப்புடறவங்க வேணாம்னு சொல்ட்டாங்க.”

“யாரு?”

“பசங்க.”

ஆனந்தகுமார் சிரித்தேவிட்டார். “ரெண்டு வயசுப் பிள்ளையளா? அதுகளுக்குப் பேசத் தெரியுமா?”

“ஒரு மாசமா சொல்லிக்கினுதான் சார் கீதுங்க. எனக்குத்தான் காது இல்லாம போச்சு” என்று சொல்லிவிட்டு ஏஞ்சல் கேட்டுக்குப் பூட்டைப் போட்டாள்.